பக்கவாத நோயாளர் மறுவாழ்வில் குடும்பத்தின் பங்கு

மாந்தர்க்கு வரும் நோய்களுள் சில, வந்தவரை மட்டும் வருத்திவிட்டுச் செல்லும். வேறு சில, வந்த வீட்டையே தம் வயப்படுத்திக்கொள்ளும். பக்கவாதம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. நேற்றுவரை தம் கையால் உண்டு, தம் காலால் நடந்து, தம் வாயால் வீட்டை ஆண்டவர், இன்று ஒரு குவளை நீருக்கும் பிறர் முகம் பார்க்கிறார். அவருடைய ஒரு கை செயலிழந்தது என்பது மருத்துவக் குறிப்பில் எழுதப்படுகிறது. அக்கையை நம்பியிருந்த ஒரு குடும்பம் நிலைகுலைந்தது என்பதை எவரும் எழுதிவைப்பதில்லை.

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளம் அடைபட்டாலும், வெடித்துக் கசிந்தாலும் பக்கவாதம் உண்டாகிறது. அடைப்பினால் வருவதே மிகுதி. நோய்க்குறி தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் தக்க மருத்துவமனையை அடைந்து, அடைப்பினால் வந்ததே என ஸ்கேன் மூலம் உறுதிசெய்யப்பட்டால், அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தைத் தகுதியுடையோர்க்குச் செலுத்த இயலும். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றையும் கண்டவுடன் விரைய வேண்டும் என்னும் செய்தி இப்போது ஓரளவு மக்களிடையே பரவியுள்ளது. ஆண்டுதோறும் அக்டோபர் 29ஆம் நாளன்று கொண்டாடப்படும் உலகப் பக்கவாத நாளிலும் இச்செய்தியே முதலிடம் பெறுகிறது. இது நன்றே. ஆயினும் உயிர் காக்கப்பட்ட பின் என்ன நேர்கிறது என்பதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. அதனைப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லைப்புறத்தின் நிலை

நம் தளி வட்டாரம் தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தைத் தொட்டுக்கொண்டு அமைந்துள்ளது. குளிர்ந்த தட்பவெப்பத்தைக் கண்ட ஆங்கிலேயர் இதனைக் 'குட்டி இங்கிலாந்து' என அழைத்தனர் என்பர். ஒருபுறம் ஓசூர்த் தொழிற்பேட்டைகள். மறுபுறம் ஆனேக்கல், ஜிகினி, பொம்மசந்திரா என நீளும் கருநாடகத் தொழிற்பகுதி. இடையிலே கேழ்வரகும் காய்கறியும் ரோசாவும் விளையும் வயல்கள். தெற்கே அஞ்செட்டி, உரிகம் என விரியும் காட்டு மலைகள். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகிய நான்கு மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும் சிறப்பு இவ்வூர்ப் பகுதிக்கு உண்டு.

இச்சிறப்புகளே பக்கவாத நோயாளரின் வீட்டில் சிக்கல்களாக மாறுவதையும் காண்கிறோம். 1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை வேரூன்றியது முதல், இளைஞர் பலர் சிற்றூரிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி ஆலைகளுக்குச் செல்லலாயினர். முறைவேலை அவர்களுடைய உறக்கத்தையும் விழிப்பையும் மாற்றியமைத்தது. பகலில் வீட்டில் இருப்போர் முதியோரும் பெண்களும் சிறாருமே. முதியவர் ஒருவர் பக்கவாதத்தால் வீழ்ந்தால், அவரைத் தூக்கி அமர்த்த வலிமையுள்ள மகன் ஆலையில் இருக்கிறான். மகனே வீழ்ந்தாலோ, வருவாயும் சேர்ந்தே வீழ்கிறது.

மருத்துவத்திற்குத் தேன்கனிக்கோட்டை, ஓசூர், கிருஷ்ணகிரி எனச் செல்வோரும் உண்டு. பெங்களூருக்கு விரைவோரும் உண்டு. 2022ஆம் ஆண்டு சனவரியில் திறந்துவைக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திற்குக் கிடைத்த பெரும்பேறு. ஆனால் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், சில நாட்களில் நோயாளி வீடு திரும்பியே ஆக வேண்டும். நடக்கவும் பேசவும் மீண்டும் கற்கும் நெடும்பயணமோ மாதக் கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக் கணக்கில் நீள்வது. அப்பயணம் முழுவதும் வீட்டிலேதான் நிகழ்கிறது. வழித்துணையாக இருப்போர் வீட்டாரே. அவ்வீட்டார்க்கு வழி காட்டியவர் யார் என்பதே என் வினா.

வள்ளுவர் கண்ட நான்காமவர்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறளைத் தமிழ் மாணவர் நன்கறிவர். மருத்துவத்தின் உறுப்புகளை நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என நான்காக வகுத்தார் வள்ளுவர். அந்நான்காமவரை உழைச்செல்வான் என்று அழைத்தார். மருத்துவனுக்கும் மருந்துக்கும் இணையாக, உடனிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே வைத்த பார்வை வியந்து போற்றத்தக்கது.

இக்குறளுக்கு உரை வரைந்த பரிமேலழகர், அந்நான்கு உறுப்புகளுக்கும் தனித்தனியே நான்கு இயல்புகளைக் கூறுகிறார். பேணுபவரிடம் இருக்க வேண்டியவையாக அவர் கூறுவன, நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் திறன், அறிவு என்பனவாம். அன்பை முதலில் வைத்த உரையாசிரியர் அதனோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். திறனும் அறிவும் சேர்ந்தால்தான் உழைச்செல்வான் முழுமை பெறுகிறான்.

நம் குடும்பங்களில் அன்புக்குக் குறைவில்லை. தாய் தந்தையர்க்குப் பணிவிடை செய்வதைக் கடனாகவும் பேறாகவும் கருதும் மரபு நம்முடையது. நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதை இசுலாமியர் ஒருவர்க்கொருவர் ஆற்ற வேண்டிய கடமைகளுள் ஒன்றாகவே கொள்கின்றனர். திறனும் அறிவும் தாமே வருவன அல்ல. யாரேனும் கற்பித்தால்தான் வரும். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுக்கும் நாம், பேணும் முறையைக் கற்பித்து அனுப்புகிறோமா?

அறியாமையால் அன்பு செய்யும் தீங்கு

கற்பிக்காததன் விளைவு எத்தகையது என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகளைக் கூறலாம்.

பக்கவாதம் வந்தோரில் பலர்க்கு விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கும். தாகத்தால் தவிக்கிறாரே என்று படுத்த நிலையிலேயே வாயில் நீரை ஊற்றினால், அது மூச்சுக் குழலில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கக்கூடும். கெட்டியான கூழைவிட வெறும் நீரே இத்தகையோர்க்கு மிகுந்த இடர் தருவது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? விழுங்கும் ஆற்றலை மருத்துவமனையில் சோதித்த பின்னரே, நிமிர்த்தி அமரவைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.

நோயாளியை எழுப்பும்போது செயலிழந்த கையைப் பற்றி இழுப்பது இன்னொரு பெருந்தவறு. தசைகளின் பிடிப்பு தளர்ந்த தோள்மூட்டு நழுவி, பல மாதங்கள் நீடிக்கும் வலி தொடங்குகிறது. வலியால் பயிற்சி நிற்கிறது; பயிற்சி நின்றதால் கை மேலும் இறுகுகிறது. ஒரே கிடையாகப் படுக்க வைப்பதால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் தோன்றுகிறது. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் தடுக்கக்கூடிய புண் அது.

இவற்றினும் நுட்பமான தவறு ஒன்றுண்டு. எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது. உணவை ஊட்டிவிடுகிறோம்; சட்டையை அணிவித்துவிடுகிறோம்; அவர் ஒரு சொல்லைத் தேடித் தடுமாறும்போது நாமே சொல்லி முடித்துவிடுகிறோம். மூளை தன் இழந்த பணியைப் புதிய வழிகளில் மீண்டும் கற்கும் தன்மை உடையது. பொருளுள்ள செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால்தான் அக்கல்வி நிகழ்கிறது. செய்ய விடாமல் காப்பது, கற்கும் வாய்ப்பைப் பறிப்பதாகவே முடியும்.

தட்டில் ஒரு பாதியை உண்டு மறுபாதியை அப்படியே விட்டுவிடுவார் சிலர். பிடிவாதம் என்று வீட்டார் சினப்பர். உண்மையில் ஒருபக்கத்து உலகையே மூளை கவனியாது விட்ட நிலை அது. காரணமின்றி அழுவதும் சிரிப்பதும் நோயின் விளைவாக இருக்கலாம். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்பது மருத்துவ உலகம் கண்டறிந்த உண்மை. இவற்றை அறியாத வீட்டில் நோயாளி பைத்தியக்காரர் என்றும் சோம்பேறி என்றும் பழி சுமக்கிறார்.

புறா இரத்தம் தடவினால் பக்கவாதம் நீங்கும் என்ற நம்பிக்கை நம் நாட்டில் பல பகுதிகளில் இன்றும் நிலவுகிறது. அதனால் எந்நன்மையும் இல்லை, காலம் வீணாகிறது. ஆனால் அதை நாடிச் செல்வோரை ஏளனம் செய்வது எளிது; அவர்கள் ஏன் செல்கின்றனர் என எண்ணுவதே பொறுப்பு. செய்வதற்கு ஏதேனும் ஒன்றைச் சொல்லுங்கள் என்று ஏங்கி நின்ற வீட்டாரிடம் மருத்துவமனை ஒன்றும் சொல்லாதபோது, சொல்லியவரிடம் அவர்கள் செல்கின்றனர்.

ஆராய்ச்சிகள் கூறுவது

குடும்பத்தார்க்குப் பயிற்சி அளித்தால் பயன் உண்டா என்பது உலக அளவில் ஆராயப்பட்ட வினா. 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 300 நோயாளரையும் அவர்தம் பராமரிப்போரையும் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று வெளியாயிற்று. பயிற்சி பெற்ற பராமரிப்போரின் சுமையும் மனச்சோர்வும் குறைந்தன. நோயாளியின் மனநிலையும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தன. செலவும் குறைந்தது என்று அவ்வாய்வு கூறியது. அதனால் ஊக்கம் பெற்று, அதே நாட்டில் 36 பக்கவாதச் சிகிச்சைப் பிரிவுகளில் 928 இணைகளைக் கொண்டு மேலும் விரிவாக ஆராய்ந்தனர். 2013இல் வெளிவந்த அதன் முடிவு வேறுவிதமாக இருந்தது. பயிற்சி பெற்றோர்க்கும் வழக்கமான கவனிப்பைப் பெற்றோர்க்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. நோய் தாக்கிய உடனே உள்ள பதற்றமான நாட்கள் இத்தகைய பயிற்சிக்கு ஏற்ற காலம் அன்று போலும் என ஆய்வாளர் கருதினர்.

நம் நாட்டிலும் இது ஆராயப்பட்டது. லூதியானா கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் துரைபாண்டியன், ஆத்திரேலிய மருத்துவர் ரிச்சர்டு லிண்ட்லி முதலானோர் முன்னின்று நடத்திய 'அட்டெண்ட்' என்னும் ஆய்வில், இந்தியாவின் 14 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1250 நோயாளர் இடம்பெற்றனர். ஒரு பாதியினரின் குடும்பத்தார்க்கு மருத்துவமனையிலேயே மறுவாழ்வுப் பயிற்சி தொடங்கப்பட்டு, இரண்டு மாதம் வரை வீட்டிலும் தொடரப்பட்டது. மறுபாதியினர் வழக்கமான கவனிப்பைப் பெற்றனர். 2017ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதங்களுக்குப் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் இரு பிரிவிலும் 47 விழுக்காடாகவே இருந்தனர்.

இம்முடிவை மறைத்துவிட்டுக் குடும்பத்தின் பெருமையை மட்டும் பாடுவது நேர்மையாகாது. ஆனால் இதிலிருந்து குடும்பம் பயனற்றது என்று முடிவு கட்டுவதும் பிழை. இந்தியாவில் பயிற்சி பெறாத பிரிவினரையும் குடும்பமே பேணியது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். குடும்பம் உள்ள நோயாளரும் குடும்பம் இல்லாத நோயாளரும் அங்கே ஒப்பிடப்படவில்லை. ஒப்பிடப்பட்டது, முன்பே பேணிக்கொண்டிருந்த குடும்பத்திற்குக் கூடுதலாக அளித்த சிலநாட் பயிற்சியையே. அத்தகைய குறுகிய பயிற்சி ஒன்றே நோயாளியை நடக்கவைத்துவிடாது என்பதுதான் நாம் பெறும் பாடம்.

இப்பாடம் ஆட்சியாளர்க்கும் மருத்துவமனை நிருவாகத்தார்க்கும் உரியது. வல்லுநர்களை அமர்த்துவது செலவு மிக்கது. எனவே அவர்களுடைய வேலையைக் குடும்பத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்ற எண்ணம் எங்கேனும் தோன்றுமாயின், அந்த 47 விழுக்காடு அதற்கு விடை கூறுகிறது. இயன்முறை மருத்துவரின் இடத்தைக் குடும்பம் நிரப்ப இயலாது. அவ்வாறே, நாளின் 24 மணி நேரமும் உடனிருக்கும் குடும்பத்தின் இடத்தை வாரம் ஒருமுறை வரும் வல்லுநரும் நிரப்ப இயலாது. இருவரும் சேர்ந்து இயங்குவதற்கான பாலம் அமைக்கப்பட வேண்டும். அப்பாலத்தையே நான் வலியுறுத்துகிறேன்.

ஆர்வ மிகுதியும் இடர் தரும் என்பதற்கு 2015ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று சான்று. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்திற்குள் மிகுதியாக எழுப்பி நடமாட வைக்கப்பட்டோர், வழக்கமான முறையில் பேணப்பட்டோரைவிடக் குறைவாகவே நலம் பெற்றனர். எப்போது, எவ்வளவு என்பதை வல்லுநரே வகுக்க வேண்டும். வகுத்ததை நாள் தவறாமல் செய்விப்பது வீட்டாரின் பணி.

நம் நாட்டு முன்னோடிகள்

குடும்பத்தை மருத்துவத்தின் உள்ளே அழைப்பது மேலைநாட்டார் கற்பித்த புதுமை அன்று. 1950களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளரின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்து, நோயைப் பற்றியும் பேணும் முறையைப் பற்றியும் அவர்களுக்கு எடுத்துரைத்தார். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தார் உடன் தங்கும் முறையைப் பின்பற்றியது.

அதே வேலூரில் 1966ஆம் ஆண்டு மறுவாழ்வு நிலையம் தோன்றக் காரணமாயிருந்தவர் மருத்துவர் மேரி வர்கீசு அம்மையார். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அறுவைச் சிகிச்சை செய்து, பின்னர் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பியவர் அவர். உடல் செயலிழந்த ஒருவர் மீண்டும் பயனுள்ள வாழ்வு வாழ இயலும் என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று. நம் மாவட்டத்திலிருந்து வேலூர் தொலைவிலில்லை. அங்கு வளர்ந்த எண்ணங்கள் நம் சிற்றூர்களை இன்னும் முழுமையாக வந்தடையவில்லை என்பதே குறை.

சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம்

2021ஆம் ஆண்டு ஆகத்து 5ஆம் நாள், தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளிச் சிற்றூரிலேதான் தொடங்கிவைக்கப்பட்டது. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை வீடு தேடிக் கொடுப்பதோடு, இயன்முறை மருத்துவத்தையும் வலி தணிக்கும் பராமரிப்பையும் இல்லத்திலேயே அளிப்பது அதன் நோக்கம். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. இரத்தக் கொதிப்பே பக்கவாதத்தின் தலையாய காரணம் என்பதால், அம்மாத்திரை தவறாமல் கிடைப்பதே மறுமுறை நோய் தாக்காமல் காக்கும் அரணாகிறது.

எனினும் மலையும் காடும் சூழ்ந்த தளி போன்றதோர் ஒன்றியத்தில், இயன்முறை மருத்துவர் ஒருவர் எத்தனை வீடுகளுக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை செல்ல இயலும்? அவர் வந்துபோகும் அரைமணி நேரத்தில் நோயாளியின் கால்களை அசைத்துவிட்டுச் செல்வதைவிட, அதில் ஒரு பகுதியை வீட்டிலுள்ள மருமகளுக்கோ பேரனுக்கோ கற்பிப்பதற்குச் செலவிட்டால், அடுத்த வருகை வரையுள்ள நாட்களெல்லாம் பயிற்சி நாட்களாகும். அடுத்த முறை வரும்போது, கற்றதைச் சரிவரச் செய்கின்றனரா எனப் பார்த்துத் திருத்தலாம். மருந்து கொண்டுவரும் பெண் தன்னார்வலர், பராமரிப்பவரின் நலத்தையும் இரண்டு சொல் விசாரிக்கலாம். புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. உள்ள திட்டத்தின் உள்ளே கற்பித்தலைக் கடமையாக்கினால் போதும்.

எந்த மொழியில் கற்பிப்பது?

கற்பித்தல் என்றவுடன் மொழி முன்னிற்கிறது. தமிழர் பக்கவாதம் என்பதைத் தெலுங்கர் பட்சவாதம் என்பர். கன்னடர் பார்சுவவாயு என்பர். உருது பேசுவோர் ஃபாலிஜ் என்பர். இபுனு சீனாவின் மருத்துவ நூலிலும் வழங்கும் பழஞ்சொல் அது. வீட்டில் கன்னடமோ உருதுவோ பேசும் மூதாட்டிக்கு அச்சிட்ட தமிழ்த் தாளையோ ஆங்கிலத் தாளையோ கொடுத்தனுப்புவதால் பயனென்ன?

பேச்சிழந்தோர்க்கு இது மேலும் முதன்மையானது. பன்மொழி அறிந்தவர் பக்கவாதத்தால் பேச்சிழந்தால், எல்லா மொழிகளும் ஒன்றுபோல் மீள்வதில்லை. அவர் மிகுதியாகப் பயன்படுத்திவந்த மொழியே முதலில் மீளக்கூடும் என்று 1895ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் பித்ரே எழுதினார். எல்லோர்க்கும் இது பொருந்தாவிடினும், நோயாளி எந்த மொழியில் கனவு கண்டார், எந்த மொழியில் கணக்கிட்டார், எந்த மொழியில் பேரனைக் கொஞ்சினார் என்பதை அறிந்தவர் வீட்டாரே அன்றோ? பேச்சுப் பயிற்சியில் குடும்பம் இன்றியமையாதது என்பதற்கு நம் எல்லைப்புறத்தைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பேணுபவரைப் பேணுவார் யார்?

குடும்பம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான வீடுகளில் அச்சொல்லின் பொருள் ஒரு பெண். மனைவி, மகள், மருமகள் என அவர் யாராகவும் இருக்கலாம். சமையலும் குழந்தைகளும் கறவை மாடும் காத்திருக்க, இரவில் இரண்டு மணிக்கொருமுறை எழுந்து நோயாளியைப் புரட்டுபவர் அவர். தம் இடுப்பு வலியை வெளியிற் சொல்லாதவரும் அவரே. படித்துக்கொண்டிருந்த மகளின் படிப்பு நின்றுபோவதும் உண்டு. இத்தியாகத்தை வாயாரப் புகழ்ந்துவிட்டு நகர்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. புகழ்ச்சி ஓர் இரவு உறக்கத்தைக்கூட அவருக்குத் தருவதில்லை.

எனவே குடும்பத்தின் பங்கேற்பை வலியுறுத்தும் எவரும், அப்பங்கு ஆண்மக்களுக்கும் உரியது என்பதைச் சேர்த்தே கூற வேண்டும். தந்தையைக் குளிப்பாட்டவும் கழிவறைக்கு அழைத்துச் செல்லவும் மகன் கற்றுக்கொள்வது இழுக்கன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், மிகுந்த ஆதரவு தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றியும் பேசுகிறது. பக்கவாதத்தால் நிலையான ஊனமுற்றோர் உரிய சான்றிதழ் பெறத் தகுதியுடையோர் என்பதையே பல வீடுகள் அறியா.

ஆலைத் தொழிலாளி ஒருவரே நோயுற்றால், தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் அவர் காப்பீடு பெற்றவராயின், உடலின் ஒருபக்கம் செயலிழந்த நிலைக்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி உண்டு. உரிய நிபந்தனைகள் நிறைவுற்றால், ஊதியத்தில் 80 விழுக்காடு வரை, இரண்டு ஆண்டுகள் வரை பெறலாம். ஆனால் தொழிலாளியின் தந்தை நோயுற்றால், பேணும் முறையைக் கற்றுக்கொள்ள அவருக்குத் தனி விடுப்பு எதுவும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளியாயின், நாட்கூலி போவதோடு வேலையும் போய்விடுமோ என்ற அச்சம் வேறு.

செய்யத்தக்கன

கருத்துரைப்பதோடு அமையாமல், நம் வட்டாரத்தில் செய்யத்தக்கனவாகச் சிலவற்றை முன்வைக்கிறேன்.

ஒன்று: நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன், பேணுபவர் தம் கையாலேயே சிலவற்றைச் செய்துகாட்டிய பின்னரே அனுப்பும் வழக்கம் ஏற்பட வேண்டும். புரட்டிப் படுக்க வைத்தல், அமர்த்தி உணவூட்டுதல், வலுவுள்ள பக்கத்தில் நாற்காலியை வைத்துக் கட்டிலிலிருந்து மாற்றுதல், செயலிழந்த கையை முதலில் நுழைத்துச் சட்டை அணிவித்தல், மருந்து வேளைகளை ஒப்பித்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். காதால் கேட்டது மறக்கும். கையால் செய்தது நிற்கும்.

இரண்டு: பயிற்சி ஒருநாட் சடங்காக முடியலாகாது. வீடு திரும்பிய இரண்டாம் வாரத்திலும், பின்னர் ஒவ்வொரு மாதத்திலும் தொடர வேண்டும். ஐயங்கள் எழுவது வீட்டுக்கு வந்த பின்னரே.

மூன்று: நான்கு மொழிகளிலும் படங்களோடு கூடிய சிறு கையேடும், எழுத்தறியாதோர்க்கு ஒலிப்பதிவும் ஆக்கப்பட வேண்டும். கைப்பேசி இல்லாத வீடு அரிதாகிவிட்ட இக்காலத்தில் இது எளிது. மருத்துவரின் மேற்பார்வையில் இதனை மொழிபெயர்த்துத் தருவது கல்லூரி மொழித்துறைகள் ஏற்கத்தக்க பணி. 1969 முதல் கல்லூரிகளில் இயங்கிவரும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், பேணுபவர் ஓய்வுகொள்ளும்படி வாரம் ஒருநாள் சில மணி நேரம் நோயாளியோடு அமர்ந்து உரையாடலாம். செய்தித்தாள் படித்துக் காட்டலாம்.

நான்கு: ஓசூர்ப் பகுதி ஆலைகள், குடும்பத்தில் ஒருவர்க்குப் பக்கவாதம் நேர்ந்தால் தொழிலாளிக்கு ஒருவாரக் கற்றல் விடுப்பும், சில திங்களுக்கு இரவுமுறையிலிருந்து விலக்கும் அளிக்கலாம். நிரந்தரத் தொழிலாளியோடு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்த வேண்டும்.

ஐந்து: பள்ளிவாசல் நிருவாகத்தாரும் கோயில், தேவாலயப் பொறுப்பாளரும் தத்தம் இடங்களில் ஒரு சாய்தளமும் சில நாற்காலிகளும் ஒரு கைப்பிடிக் கம்பியும் அமைக்கலாம். மறுவாழ்வுப் பயிற்சிக்கு நோயாளியே விரும்பும் ஓர் இலக்கு வேண்டும் என்பர் வல்லுநர். ஒருவர்க்கு அது வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் செல்வதாக இருக்கும். இன்னொருவர்க்குத் தம் ரோசாத் தோட்டத்தின் வரப்பில் நிற்பதாக இருக்கும். மற்றொருவர்க்குத் தம் கையால் களி கிண்டிப் பேரனுக்குப் பரிமாறுவதாக இருக்கும். உட்கார்ந்தும், இயலாதபோது படுத்தும் சைகையாலும் தொழ மார்க்கம் இடமளித்துள்ளது. ஆயினும் சமூகத்தோடு தோள்சேர்ந்து நிற்க விரும்பும் முதியவருக்கு வாசற்படி தடையாகலாமா?

ஆறு: நலம் விசாரிக்கச் செல்வோர், நோயாளியின் முன்னே நின்று பரிதாபப்படுவதையும் ஆளுக்கொரு மருந்து கூறுவதையும் விடுத்து, இன்று நான் என்ன உதவி செய்யட்டும் என்று பேணுபவரைக் கேட்கும் பழக்கத்தைக் கொள்ள வேண்டும். ஒருவேளை உணவு கொண்டு செல்வதும், ஒரு பிற்பகல் நோயாளியோடு இருந்து அப்பெண்ணை உறங்க விடுவதும் உயர்ந்த நலவிசாரிப்பே.

முடிவுரை

பக்கவாதத்திற்கு ஆளானோர் அனைவரும் முன்போல் ஆகிவிடுவர் என்று எவரும் உறுதி கூற இயலாது. மூளையில் நேர்ந்த சேதத்தின் அளவு, வயது, பிற நோய்கள் எனப் பலவும் அதனைத் தீர்மானிக்கின்றன. எவ்வளவு பேணியும் நோயாளி நடக்கவில்லையெனில், வீட்டார் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் தோள் நழுவாமலும், புண் தோன்றாமலும், மறுமுறை நோய் தாக்காமலும், மதிப்போடும் உரையாடலோடும் அவர் வாழ்வதற்கு நாம் செய்யக்கூடியவை நிரம்ப உள்ளன. அவற்றை அறியாமலிருப்பதற்கு இனிச் சாக்கு இல்லை.

அரசு வல்லுநரைத் தரட்டும், மருத்துவமனை கற்பிக்கட்டும், ஆலை நேரம் தரட்டும், சமூகம் தோள் கொடுக்கட்டும். குடும்பம் தன் அன்பை ஏற்கனவே தந்துகொண்டிருக்கிறது. அவ்வன்போடு அறிவையும் திறனையும் சேர்த்துத் தருவது, உழைச்செல்வானை மருத்துவத்தின் ஓர் உறுப்பாக ஏற்றுக்கொண்ட மொழிக்கு உரியவர்களாகிய நம் அனைவரின் கடமையாகும். இம்மலரைக் கையிலேந்தும் மாணவச் செல்வங்கள், தம் தெருவில் அத்தகைய ஒரு வீடு இருக்கிறதா என்று பார்த்து, இந்த வாரமே அதன் கதவைத் தட்டுவார்களாக.